கலியபெருமாள் ஞாயிறுவரை இறந்திருந்தார்

என் வேலை என்னவென்று கேட்பவர்களிடம் 'தேர்தல் டிஜிட்டல் வியூகம்' என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். சொன்னால், "ஓ, மீம்ஸ் போடுவீங்களா?" என்கிறார்கள். மூலக்குளத்தில் என் எதிர்வீட்டுக்காரருக்கு நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன் என்று நினைப்பு. ஆதாரில் முகவரி மாற்றித் தரச்சொல்லி அடிக்கடி வந்து நிற்பார். எங்கள் வேட்பாளர் செல்வகுமார் அண்ணனுக்கோ நான் 'நெட்டு பாக்கற பொண்ணு'. சரிதா என்ற பெயர் அவர் வாயில் வரவே ஒரு மாதம் ஆயிற்று.

சென்னையில் பெரிய பெரிய பிரசாரங்களில் மண்டையை உடைத்துக்கொண்டுவிட்டு வந்தவள் நான். எந்தத் தெருவில் எந்த வயதுக்காரர் எதைக் கேட்டால் மனம் மாறுவார் என்று வரைபடமெல்லாம் போட்டு எடுத்துக்கொண்டு முதல் நாள் அண்ணன் முன்னால் உட்கார்ந்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"தங்கச்சி, இதெல்லாம் இருக்கட்டும். தொகுதியில யாரு செத்தாலும் மொதல்ல நம்ம பதிவு வரணும். அதுக்கு ஒரு வழி பண்ணு."

"அண்ணே, வேலைவாய்ப்பு, குடிதண்ணி இதப்பத்தி..."

"அதையெல்லாம் எல்லாரும்தான் பேசுவான். போன தடவ நான் ஏன் தோத்தேன் தெரியுமா? சாவு வீட்டுக்கெல்லாம் விஜயராகவன் எனக்கு முன்னாடி போயிட்டான்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. புதுச்சேரியில் தொகுதி என்றால் கையகலம்தான். இரண்டு தெருக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வேட்பாளர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அதனால் இங்கே வேட்பாளர் காதுகுத்துக்குப் போக வேண்டும், மஞ்சள் நீராட்டுக்குப் போக வேண்டும், சாவுக்கு எல்லோருக்கும் முன்னால் போக வேண்டும். போனால் மட்டும் போதாது. பிணத்தைக் கிடத்தும் ஐஸ் பெட்டியும் அவருடையதாக இருக்க வேண்டும். அண்ணனிடம் அப்படிப் பல பெட்டிகள் உண்டு. விஜயராகவனிடமும் உண்டு. யாருடைய பெட்டி முதலில் வாசலுக்கு வருகிறதோ அவருக்குத்தான் அந்த வீட்டு ஓட்டு என்பது இருவருடைய நம்பிக்கை. தேர்தல் நடத்தை விதி வந்ததும், பெட்டியின் பக்கவாட்டில் இருந்த அண்ணனின் கும்பிட்ட படத்தின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டினார்கள். ஒட்டிய லட்சணம், வெயிலில் தாள் உரிந்து ஒரு கண் மட்டும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பொறியியல் படித்து, புள்ளியியல் படித்து, கடைசியில் நான் செய்தது இதைத்தான். 'துக்கம்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். வார்டு செயலாளர்கள் அதில் இறந்தவரின் பெயர், தெரு, படம் மூன்றையும் போட்டால், அண்ணனின் சமூக ஊடகப் பக்கத்தில் இரங்கல் பதிவு தானாகவே ஏறிவிடும். 'எங்கள் குடும்பத்தில் ஒருவரை இழந்து தவிக்கிறோம்' என்ற வாசகம் நான் எழுதியது. ஒரே ஒரு விதி வைத்தேன். ஆள் இறந்தது உறுதியான பிறகுதான் போட வேண்டும். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி ஒத்துக்கொண்டார்கள். நானும் அந்தக் கட்டைவிரல்களை நம்பித் தொலைத்தேன்.

வாக்குப்பதிவு செவ்வாய்க்கிழமை. ஞாயிறு மாலையோடு பிரசாரம் முடிய வேண்டும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலையில் குழுவில் ஒரு படம் வந்தது. குருசுக்குப்பம் கலியபெருமாள், ஓய்வுபெற்ற மில் தொழிலாளி. பதிவு ஏறியது. ஜனங்கள் வரிசையாகக் கும்பிடு போட்டார்கள். நண்பகல் வாக்கில் நான் டீயை வாயில் வைத்தபோது குருசுக்குப்பம் வார்டு செயலாளர் வடிவேல் போன் செய்தார்.

"மேடம், ஒரு சின்ன பிரச்சனை."

"என்ன?"

"அந்தப் பெரியவரு ஆட்டோல வந்து எறங்கறாரு மேடம்."

"யாரு?"

"செத்தவரு."

டீ மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டேன். காலையில் கலியபெருமாள் குழாயடியில் மயங்கி விழுந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்கள் அழுதிருக்கிறார்கள். எதிரே விஜயராகவனின் ஆள் போனைக் கையில் எடுத்திருக்கிறான். வடிவேலுக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

"அவன் போட்டுட்டா நம்ம பேரு என்னாவுறது மேடம்? முந்திக்கணும்ல? வயசும் ஆச்சி. எப்படியும் போயிடுவாருன்னு நெனச்சிட்டேன்."

"எப்படியும் போயிடுவாரா? யோவ், வெயில்ல மயக்கம் வந்தவருக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தி அனுப்பியிருக்காங்க!"

"நீங்க திட்டறது சரிதான் மேடம். ஆனா இன்னொண்ணு. பெட்டிய வேற எறக்கிட்டோம். அவரு வீட்டு வாசல்லயே இருக்குது. எடுக்க உட மாட்டறாரு."

தலையில் அடித்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். குருசுக்குப்பம் போய்ச் சேர்வதற்குள் விஜயராகவனின் ஆட்கள் எங்கள் பதிவைப் படம் பிடித்து, 'ஓட்டுக்காக உயிரோடு இருப்பவரைக் கொன்றவர்' என்று உள்ளூர் வாட்ஸ்அப் குழுக்கள் முழுக்க அனுப்பிவிட்டார்கள். அண்ணன் போன்மேல் போன். "தங்கச்சி, பெரியவர என்கூட உக்கார வச்சி ஒரு வீடியோ எடு. நான் சால்வை போத்தறேன், அவரு என்னய ஆசீர்வாதம் பண்ணட்டும். சரியாப் பூடும்." அதைத் தவிர வேறு வழி எனக்கும் தெரியவில்லை. வெறும் மறுப்பை எவன் நம்புவான்? அந்த மனிதர் நடந்து பேசி ஜனங்கள் பார்த்தால்தான் நம்புவார்கள்.

கடலுக்கு இரண்டு தெரு இப்பால் அந்த வீடு. வாசலில் ஐஸ் பெட்டி. அதன் பக்கவாட்டில், தாளுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் ஒற்றைக்கண் அண்ணன். பெட்டியைச் சுற்றித் தெருவே நின்றிருந்தது. உள்ளே, கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியபடி, செத்தவர் கட்டிலில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, மன்னிச்சிடுங்க. பெரிய தப்பு நடந்துபோச்சு. பதிவ இப்பவே எடுத்துடறேன்" என்று போனை எடுத்தேன்.

"எடுக்காத" என்றார்.

"ஐயா?"

"ஞாயித்திக்கெழம வரைக்கும் இருக்கட்டும். நான் செத்தே இருந்துட்டுப் போறேன்."

குளுக்கோஸ் சரியாக ஏறவில்லையோ என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக் கலைமகள்தான் விளக்கினாள். மனைவி போனபிறகு கலியபெருமாளுக்குச் சோறு கொடுப்பவள் அவள்தான். அவருக்கு ஒரே பையன், கமலக்கண்ணன். ஒரு சொல்தா வீட்டுப் பெண்ணை, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனவன். போனவன் போனவன்தான். எங்கள் பக்கத்தைப் பார்ப்பவர்களில் ஒரு பங்கு ஜனம் பாரிசைச் சுற்றித்தான் இருக்கிறது. இங்கே ஓட்டே இல்லாத அவர்கள்தான் எல்லாவற்றுக்கும் முதலில் கும்பிடு போடுவார்கள். அந்தக் கும்பிடுகளுக்கு நடுவே இவனும் பதிவைப் பார்த்துவிட்டு, அப்பா போன் அணைந்திருக்க, கலைமகளுக்குக் கூப்பிட்டிருக்கிறான்.

"நீ என்ன சொன்னே?"

"நான் பொய் சொல்லலக்கா. அழுதேன். வந்துடுடா கண்ணான்னு மட்டும்தான் சொன்னேன். ஞாயித்திக்கெழமைக்குள்ள வரேன்னுட்டான்."

"நான்தான் போன அமத்தி வச்சேன்" என்றார் பெரியவர், பன்னை விழுங்கிவிட்டு. "அவன் அம்மா செத்தப்ப வரல. அங்க தங்கறதுக்குக் காயிதம் கைக்கு வரலப்பா, வெளிய வந்தா திரும்ப உள்ள உட மாட்டான்னான். சரிடான்னேன். நானே கொள்ளி வச்சேன். இப்ப காயிதம் வந்துடிச்சி, வீடுகூட வாங்கிட்டானாம். எப்பப்பா வரேன்னு கேட்டா லீவு இல்ல, லீவு இல்லன்றான். என் சாவுக்காச்சும் வருவானான்னு எனக்குத் தெரியணும்மா. நீங்களா ஒரு வழி பண்ணிக் குடுத்துட்டீங்க. கெடுத்துடாத."

"ஐயா, நான் உங்க வீட்டுப் பையன வரவைக்க ஆபீஸ் நடத்தல. செவ்வாக்கெழம எலெக்‌ஷன். ஊரே எங்களக் காறித் துப்புது."

"துப்பட்டும். என்ன உசுரோட இருக்கும்போதே கொன்னுட்டு, இப்ப ரெண்டு நாளு சாவக்கூட உட மாட்டேன்றியே, இன்னா ஞாயம் இது?"

தெரு மொத்தமும் அவர் பக்கம் தலையாட்டியது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெட்டியை நானே எட்டி உதைத்திருப்பேன். அந்த நேரம் பார்த்து விஜயராகவனின் ஆட்கள் சால்வையோடு வந்து சேர்ந்தார்கள். பெரியவரை மாலை மேடையில் ஏற்றி, 'இதோ பாருங்கள், உயிரோடு இருக்கிறார்' என்று காட்டுவதாக ஏற்பாடு.

"செத்தவன் எப்படிய்யா மேடைக்கு வருவான்? போங்கய்யா அந்தாண்ட!" என்று அவர்களையும் விரட்டிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஞாயித்திக்கெழம வரைக்கும் எடுக்காம இருந்தியானா, அன்னிக்கி உன் வீடியோல வந்து உக்காருறேன். எடுத்தியோ, நாளைக்கே அவன் மேடையில ஏறிடுவேன்."

பேரம் என்றால் இது பேரம். எந்தக் கட்சித் தலைவரிடமும் நான் இவ்வளவு சுத்தமாகத் தோற்றதில்லை. பதிவை விட்டுவைத்து, உண்மையை யாரும் கீழே எழுதிவிடாதபடி கருத்துகளை மட்டும் பூட்டினேன்.

அண்ணனிடம் சொன்னேன். குதித்தார். வேறு வழியில்லை என்று புரிந்ததும், "செரி, பையன் வந்து எறங்கறப்ப ஏர்போர்ட்டுக்கு நானே போயி கூட்டியாறேன், அதையும் வீடியோ எடு" என்றார். இந்த மனுஷனுக்குக் கோபம்கூட முழுசாக வராது, பாதியிலேயே அது பிரசாரமாகிவிடும். வடிவேலுக்கோ வேறு கவலை. அடுத்த தெருவில் உண்மையாகவே ஒரு அம்மாள் இறந்துபோக, எங்கள் பெட்டி ஒன்று கலியபெருமாள் வீட்டு வாசலில் சும்மா கிடக்க, மற்றவை வேறு வீடுகளில் இருக்க, விஜயராகவனின் பெட்டி அங்கே போய்விட்டது. "ஒரு குடும்ப ஓட்டு போச்சி மேடம்" என்று அவர் புலம்ப, நான் போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் எங்கள் பக்கத்தின் இன்பாக்ஸுக்கு ஒரு செய்தி வந்தது. தினமும் அங்கே நூறு வரும். வேலை வாங்கித் தாருங்கள், சாக்கடை அடைத்திருக்கிறது, அண்ணனுக்கு என் பையன் வரைந்த படம். இது அப்படி இல்லை. எழுதியிருந்தவன் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

'வணக்கம். நான் குருசுக்குப்பம் கலியபெருமாள் மகன் கமலக்கண்ணன், பிரான்சிலிருந்து. அப்பாவின் காரியத்தை நீங்கள் முன்னின்று நடத்துவதற்கு நன்றி. நான் வர முடியாத சூழ்நிலை. லீவு கிடைக்கவில்லை, டிக்கெட்டும் கிடைப்பது சிரமம். நீங்களே நல்லபடியாக முடித்துவிடுங்கள். லைவ் போடுவீர்கள் என்றால் லிங்க் அனுப்பவும். ஞாயிறு மதியம் எங்களுக்கு வசதி.'

கடைசியில் ஒரு கும்பிடு.

பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று முறை படித்தேன். 'வசதி' என்ற சொல்லில் வந்து வந்து நின்றது கண். அடப்பாவி, சினிமா டிக்கெட்டா கேட்கிறாய்? பதில் எழுத ஆரம்பித்து, எழுதியதில் பாதி கெட்ட வார்த்தை, அழித்தேன். திரும்ப எழுதினேன், அழித்தேன். என்ன எழுதினாலும் அது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லை. இந்தச் செய்தியை அவருக்கு நான்தான் எடுத்துப்போக வேண்டும் என்ற நினைப்பே எரிச்சலாக இருந்தது. நான் எதற்கு? இரங்கல் வாசகம் எழுதிய பாவத்துக்கா? அன்றைக்குப் போகவில்லை. அண்ணனின் பிரசார ஊர்வலத்தைக் காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு காலை போனபோது அவர் முகம் மழித்து, சலவை வேட்டி கட்டியிருந்தார். கட்டில் இடம் மாறியிருந்தது. கொடியில் புதுப் போர்வை ஒன்று தொங்கியது. கலைமகள் வாசலில் உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தப் பெட்டி மட்டும் அதே இடத்தில்.

"வா வா. பிளேனு இந்நேரம் மெட்ராசுல எறங்கியிருக்கும்ல?" என்றார். "செத்த வீட்டுல மீன் ஆக்கலாமான்னு இவ கேக்கறா. செத்தவன் நானு, நான் சொல்றேன், ஆக்குடின்னேன். அவனுக்கு சங்கரான்னா உசுரு."

மேடையில் ஆயிரம் பேரை அழவைக்கும் வசனம் எழுதுகிறவளுக்கு, ஒருவரிடம் ஒன்றைச் சொல்ல வரவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. சிரிப்பு மெல்ல இறங்கியது.

"இன்னாம்மா?"

போனை நீட்டினேன். கண்ணாடி இல்லாமல் தெரியாது, நீயே படி என்றார். படித்தேன். ஒரு சொல்லையும் விடாமல், ஒரு சொல்லையும் மெருகேற்றாமல் படித்தேன். எனக்கு அதுவரை தொழிலில் பழக்கமில்லாத காரியம்.

"கடைசில இன்னா சொன்ன?"

"ஞாயிறு மதியம் எங்களுக்கு வசதி."

"வசதின்னுதானா போட்டிருக்கான்?"

"ஆமாங்கய்யா."

கலைமகளின் கையில் கத்தி நின்றுவிட்டது. "மாமா, பாக்கறேன்னுதான் சொன்னான் அன்னிக்கி. உன் மொகத்தப் பாத்துட்டு நான்தான் வரேன்னான்னு சொல்லிட்டேன்" என்று ஓவென்று அழுதாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. வேட்டி மடிப்பைக் கையால் நீவிக்கொண்டே இருந்தார். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு. அங்கே நிற்கவே முடியவில்லை.

"லைவுன்னா அவன் அங்க பாக்கறதும் நாம இங்க பேசறதும் ஒரே நேரம்தானே?" என்று கேட்டார் கடைசியில்.

"ஆமா."

"அவன் மதியம்னா நமக்கு எப்ப?"

"சாயங்காலம் ஆரம்பிக்கும்போது. வெயில் தாழ."

"போடு. லிங்கு இன்னாமோ, அதையும் அனுப்பு."

"ஐயா, வேணாம். ஊரே பாக்கும். நான் வேற மாதிரி ஒரு மறுப்பு போட்டுக்கறேன். நீங்க வந்து உக்காந்தே ஆகணும்னு இல்ல."

"நான் வாக்கு குடுத்தேன்ல? நீயும் காப்பாத்தினே. போடும்மா."

லிங்க்கை அனுப்பினேன். அந்தப் பக்கத்திலிருந்து உடனே ஒரு நன்றியும் கும்பிடும் வந்தன.

பையன் வரவில்லை என்று சொன்னதும் ஏர்போர்ட்டை மறந்துவிட்டு, அண்ணன் சால்வையும் பரிவாரமுமாக முன்கூட்டியே வந்துவிட்டார். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பெரியவரை உட்காரவைத்தேன். அண்ணன் இன்னொரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஃப்ரேமுக்குள்ள வராதீங்க."

"தங்கச்சி, என் பக்கம் இது."

"வராதீங்கன்னா வராதீங்க! வந்தீங்க, போன கடல்ல வீசிட்டு மூலக்குளம் போயிடுவேன்."

இத்தனை நாளில் அவர் என்னைப் பார்த்து முதல்முறையாகப் பயந்தார். வடிவேல் அவர் சட்டையைப் பிடித்து மெல்லப் பின்னால் இழுத்தார்.

தொடங்கினேன். விஜயராகவனின் புண்ணியத்தில் ஊரே காத்திருந்தது போல, பார்ப்பவர்களின் எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறியது. கும்பிடுகள், சிரிப்புகள், 'அட உயிரோட இருக்காருப்பா' என்று வரிவரியாக ஓடின. அவற்றின் நடுவே அந்தப் பெயர் வந்தது. நான் பெரியவரைப் பார்த்துத் தலையசைத்தேன்.

"வந்துட்டானா?" என்றார். பிறகு போனையே, அதன் லென்ஸை இல்லை, திரையைப் பார்த்துப் பேசினார்.

"கண்ணா. இந்நேரம் உனக்கு வசதின்னியாம். அதான் வந்தேன். நான் சாவலடா. மயக்கம் போட்டு உழுந்தேன், இவங்க அவசரப்பட்டுட்டாங்க. பதிவ எடுக்க வேணாம்னு நான்தான் சொன்னேன். அதனால யாரும் இந்தப் பொண்ண திட்டாதீங்க. உங்கம்மா போனப்ப காயிதம் இல்லன்னே. நெசம்தான்னு ஒத்துக்கினேன். தெருவுல எல்லாருக்கும் நானே சொன்னேன், எம் புள்ளைக்குக் காயிதம் இல்ல, இருந்தா பறந்து வந்திருப்பான்னு. இத்தினி வருசமா சொல்லிக்கினு இருக்கறேன்."

நிறுத்தினார். பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கலைமகளாக இருக்கும்.

"இனிமே சொல்ல மாட்டேன். நெசமா நான் போறப்ப உனக்குத் தகவல் வராது. கலைமகள்கிட்ட சொல்லிட்டேன். நீ லீவு கேக்க வேணாம், டிக்கெட்டு தேட வேணாம். வேலையப் பாரு. அவ்வளவுதாம்மா, நிறுத்து."

நிறுத்தினேன். முதலில் பேசியவர் அண்ணன்தான். "தங்கச்சி, பிச்சிட்டாருப்பா! இதக் கட் பண்ணி சின்னச் சின்னதாப் போடு, ஆறு மணிக்குள்ள போட்டுடணும். ஜனம் அழுதுடும்." நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த வீடியோவை அழித்தேன். 'நிரந்தரமாக நீக்கவா?' என்று கேட்டது. ஆமாம் என்றேன். வெள்ளிக்கிழமை இரங்கல் பதிவையும் தூக்கினேன். 'கலியபெருமாள் அவர்கள் நலமாக இருக்கிறார். தவறு எங்களுடையது' என்று இரண்டே வரி போட்டேன். அண்ணன் என்னென்னவோ கத்தினார். சம்பளம் என்று காதில் விழுந்தது, துரோகம் என்று விழுந்தது. போய்யா என்று இருந்தது எனக்கு.

அப்போது கலைமகளின் போன் அடித்தது. அவன்தான். அவள் எடுத்துப் பெரியவரிடம் நீட்டினாள். அவர் பெட்டியின் மூடியில் படிந்த தூசியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். வாங்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மறுபடியும்.

"மாமா, எடு மாமா."

அவர் என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"நீ எடுத்து சொல்லும்மா. லைவு முடிஞ்சிடுச்சின்னு."

போனை வாங்கிக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் அப்பா, அப்பா என்று ஒரே கத்தல். நடுவே ஒரு பெண் குரல் பிரெஞ்சில் ஏதோ கேட்டது, ஒரு குழந்தை அழுதது. அந்த வசதிக்காரனைக் கிழித்துத் தொங்கவிடத்தான் வாயைத் திறந்தேன். இந்த மூன்று நாளாக அண்ணன் சொன்னதைக் கேட்டாயிற்று, வடிவேல் சொன்னதைக் கேட்டாயிற்று, இந்தக் கிழவர் சொன்னதையும் கேட்டாயிற்று. போதும், இனி யார் சொல்லுக்கும் நான் ஆள் இல்லை என்று ஆத்திரமாக வந்தது.

"கத்தாதீங்க. தரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனைக் கொண்டுபோய்ப் பெரியவர் காதில் வைத்து அழுத்தினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். நான் கையை எடுக்கவில்லை. "உடு" என்றார். விடவில்லை. மறுபடி தட்டினார், பலமாகத்தான் தட்டினார், வளையல் நெளிந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் தட்டுவதை நிறுத்தினார்.